ஒடுக்கும் துருவும்: கார்த் தகடு சீரமைப்பின் வரலாறு

காரின் உடற்கூட்டுக்கு வரும் கேடுகள் இரண்டு. ஒன்று ஒடுக்கு, மற்றது துரு. ஒடுக்கு விழுந்த இடத்தில் தகடு முழுதாக இருக்கும், வடிவம்தான் கெட்டிருக்கும். துருப் பிடித்த இடத்தில் வடிவம் அப்படியே தெரியும். பெயின்டுக்கு அடியில் தகடே இருக்காது. ஆகவே முதலாவதைத் தட்டி மீட்க வேண்டும், இரண்டாவதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பூச்சால் மூடிவிடலாம் என்ற ஆசை இந்தத் தொழிலின் நூறாண்டுக் கதையில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. பழைய கார் ஒன்று இன்று சீரமைப்புக்கு வந்தால், விபத்தின் தடத்தைக் காட்டிலும் முன்னால் செய்த பழுதுபார்ப்புகளின் தடத்தைக் களைவதற்கே அதிக நேரம் பிடிக்கிறது.

முதல் கார்களின் உடற்கூட்டைக் கட்டியவர்கள் குதிரைவண்டி கட்டியவர்களே. ஐரோப்பாவில் ஆஷ் மரத்தில் சட்டம் இழைத்து, கையால் தட்டி வளைத்த எஃகுத் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ அதன்மேல் ஆணியடித்துப் பொருத்தினார்கள். சென்னையில் 1840இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனமும் கோச்சு வண்டி கட்டிய பட்டறைதான். அங்கே 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். இந்தக் காலத்துக் காரில் பழுது என்றால் தச்சரும் வேண்டும், தகட்டு வேலைக்காரரும் வேண்டும். மரச்சட்டம் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆணி அடித்த துளை வழியே ஈரம் தகட்டின் உட்புறத்தை எட்டும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே மரம் உளுத்து, தகடு அரித்துப்போயிருக்கும். கதவு தொங்குகிறது என்று கீலை மாற்றப் போனால், கீலைத் தாங்கும் மரமே தூளாக உதிர்வது பழைய கார்களில் இன்றும் காணும் காட்சி.

தகட்டை வளைக்க அந்தப் பட்டறைகள் வைத்திருந்த கருவிகளில் இரண்டு இன்றுவரை மாறவில்லை. ஒன்று மணல் நிரப்பிய தோல்பையும் கொட்டாப்புளியும். பையின்மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துக் குழியாக்குவார்கள். மற்றொன்று இங்கிலிஷ் வீல். மேலே தட்டையான சக்கரம், கீழே சற்றே குவிந்த சக்கரம். இரண்டுக்கும் நடுவே தகட்டை முன்னும் பின்னும் இழுக்க இழுக்க, அது மெலிந்து விரிந்து உப்பி வரும். மட்கார்டின் வளைவு, பானட்டின் மேடு எல்லாம் இப்படித்தான் உருவாயின. ஒரே மாதிரிக் கார்கள் இரண்டு ஒரே பட்டறையிலிருந்து வந்தாலும் ஒன்றின் மட்கார்டு மற்றொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது. எனவே நசுங்கியதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டும் பேச்சே அன்று இல்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எட்வர்ட் பட் என்பவரின் ஆலை இந்த நிலையை மாற்றியது. அவரும் அவருடைய பொறியாளர் ஜோசப் லெட்விங்காவும் மரச்சட்டத்தைக் கைவிட்டு, அச்சில் அழுத்தி எடுத்த எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து உடற்கூடு கட்டினார்கள். 1914இல் டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் காருக்கு அதையே வாங்கினார்கள். ஐரோப்பாவில் 1924இல் சிட்ரோயன் அந்த முறைக்கு வந்தது. 1926இல் இங்கிலாந்தின் கௌலியில் வில்லியம் மோரிஸ், பட் நிறுவனத்தோடு சேர்ந்து பிரஸ்ட் ஸ்டீல் கம்பெனியைத் தொடங்கினார். அச்சில் எடுத்த தகடுகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் மட்கார்டும் கதவும் உதிரிபாகங்கள் ஆயின.

அடுத்த மாற்றம்தான் துருவின் கதைக்கு முக்கியமானது. அதுவரை கனத்த சேசிஸ் பாரத்தைத் தாங்கியது, உடற்கூடு அதன்மேல் வெறும் மூடியாக உட்கார்ந்திருந்தது. 1934இல் வந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவாங் போன்ற கார்களில் தனிச் சேசிஸ் கிடையாது. உடற்கூடே பாரம் தாங்கியது. மெல்லிய தகட்டை மடித்துப் பெட்டிபோல் மூடினால் கனமில்லாமலேயே வலிமை கிடைக்கும் என்பது இதன் சூட்சுமம். கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி, தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் பெட்டி, சக்கர வளைவை ஒட்டிய பெட்டி என்று மூடிய அறைகள் பெருகின. அவற்றின் உட்புறத்துக்கு பெயின்ட் துப்பாக்கி எட்டாது. புகுந்த நீர் வெளியேறவும் வழியில்லை. சேசிஸ் உள்ள காரில் மட்கார்டு துருப்பிடித்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். சேசிஸ் இல்லாத காரில் கதவடிப் பெட்டி துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். ஜாக்கி வைத்துத் தூக்கியதும் கதவு மூட மறுத்தால், அந்தக் காரின் எலும்பு போய்விட்டது என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள்.

ஒடுக்கு எடுக்கும் வேலைக்குத் தேவையானவை சுத்தியலும் டாலியும். டாலி என்பது கைக்குள் அடங்கும் வார்ப்பெஃகுத் துண்டு. அதன் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வளைவில் இருக்கும். தகட்டின் பின்னால் டாலியை அழுத்திப் பிடித்து, முன்னால் சுத்தியலால் தட்ட வேண்டும். டாலி இருக்கும் இடத்தின்மேலேயே அடி விழுந்தால் தகடு இரண்டு எஃகுக்கும் நடுவே நசுங்கி விரியும். பள்ளத்தின் அடியில் டாலியை அழுத்திக்கொண்டு பக்கத்து மேட்டில் அடித்தால், மேடு தணியும், பள்ளம் எழும்பும், தகடு விரியாது. இந்த இரண்டு அடிகளையும் எங்கே எப்போது மாற்றுவது என்று அறிவதே தொழில். மோதலில் முதலில் உண்டான மடிப்பைக் கடைசியிலும், கடைசியில் உண்டானதை முதலிலும் எடுக்க வேண்டும் என்பது டிங்கர் வேலையின் அடிப்படை விதி. ஆழமான நடுப்பள்ளத்தை எடுத்தவுடனே ஓங்கி அடிப்பவர், சுற்றியுள்ள மடிப்புகளைத் தகட்டுக்குள்ளேயே பூட்டிவிடுகிறார்.

விரிந்துபோன தகடு கையால் அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். எவ்வளவு தட்டினாலும் அது தீராது. கூடுதலான உலோகம் போக இடமில்லாமல் நிற்பதுதான் காரணம். மேலும் தட்டினால் இன்னும் விரியும். இதற்குச் சூடு வைக்க வேண்டும். கேஸ் சுடரால் சிறு நாணய அளவு இடத்தைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சினால், அந்தப் புள்ளி விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. விரிய வழியில்லாத உலோகம் அதே இடத்தில் தடித்து மேலே எழும். உடனே சுற்றிலும் லேசாகத் தட்டி, ஈரத்துணியை வைத்துக் குளிர்வித்தால் தடித்தது தடித்தபடியே சுருங்கி, சுற்றுப்புறத்தை இறுக்கிப் பிடிக்கும். ஒரு புள்ளி போதாவிட்டால் இன்னொன்று. பானட் போன்ற அகலமான, ஏறக்குறையத் தட்டையான பரப்பில் இதைச் செய்வது கடினம். ஓரிடத்தில் அதிகம் சுருக்கிவிட்டால் அலை வேறிடத்தில் எழும். ஒரு டிங்கரின் கைவரிசையை அளக்க, நொறுங்கிய மட்கார்டைக் கொடுப்பதைவிட லேசாக உப்பிய பானட்டைக் கொடுப்பது நல்ல சோதனை.

எவ்வளவு நுணுக்கமாகத் தட்டினாலும் சிறு மேடுபள்ளம் மிஞ்சும். அதை நிரப்ப முதலில் வந்தது ஈயம். 70 பங்கு காரீயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகக் கலவைக்கு அரிய குணம் ஒன்று உண்டு. 183 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கி, ஏறத்தாழ 255 டிகிரி வரை முழுதும் உருகாமல் பிசைந்த மாவு போன்ற பதத்தில் நிற்கும். இந்த இடைவெளியில்தான் வேலை நடக்கிறது. தகட்டைப் பளபளப்பாகத் தேய்த்து, முதலில் மெல்லிய வெள்ளீயப் பூச்சு கொடுக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயம் பூசியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் விளங்கும். பூச்சின்மேல் ஈயக்கட்டியைச் சுடரில் இளக்கி அப்பி, கொழுப்பு தடவிய மரத்துடுப்பால் வழித்துப் பரப்புவார்கள். ஆறியதும் வளைந்த பற்கள் கொண்ட அரத்தால் ராவி மட்டம் செய்வார்கள்.

தொழிற்சாலைகளிலேயே இது வழக்கமாக இருந்தது. கூரைத் தகடும் பின்பக்கத் தகடும் சேரும் மூட்டு வெளியே தெரியாதபடி ஈயத்தால் நிரப்பித்தான் அமெரிக்கக் கார்கள் பல ஆண்டுகள் விற்பனைக்கு வந்தன. ஈயம் தகட்டோடு ஒன்றிவிடும். ஈரம் புக இடம் விடாது. 50 ஆண்டு கழித்தும் பெயர்வதில்லை. ஆனால் அதன் தூளும் புகையும் நஞ்சு. அதனால்தான் அரத்தால் ராவினார்கள். எமரி போட்டுத் தேய்த்தால் மெல்லிய தூசி மூச்சில் ஏறும். இந்த எச்சரிக்கையை மதிக்காத பட்டறைகளில் எத்தனை பேர் உடல் கெட்டது என்பதற்குக் கணக்கு இருக்காது.

பெயின்டின் வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது. 1920கள்வரை எண்ணெய் சார்ந்த வார்னிஷைப் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூச வாரக்கணக்கில் ஆகும். டூபாண்ட் 1923இல் கொண்டுவந்த டூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அதை மணிக்கணக்காகக் குறைத்தது. 1924ஆம் ஆண்டு மாடலான ஓக்லண்ட் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் அதை இறக்கியது. துப்பாக்கியால் தெளிக்கக்கூடிய, சீக்கிரம் உலரும் பெயின்ட் கிடைத்த பிறகே சிறு பட்டறைகளும் மூலை முடுக்கிலெல்லாம் 'டச்சப்' செய்யத் தொடங்கின. தட்டுவது ஒருவர், பூசுவது இன்னொருவர் என்று தொழில் பிரிந்தது. முன்னவரின் குறையை மறைக்கும் பொறுப்பு பின்னவர் தலையில் விழுந்தது.

1950களின் நடுவில் பாலியெஸ்டர் பட்டி வந்ததும் ஈயத்தின் காலம் முடிந்தது. பாலியெஸ்டர் பிசினில் டால்க் பொடியைக் குழைத்த களிம்பு அது. சிறிதளவு ஹார்டனர் கலந்தால் சில நிமிடங்களில் கெட்டியாகும். நெருப்பு வேண்டாம், நஞ்சு குறைவு, எமரித் தாளால் சுலபமாகத் தேயும். ஈயத்துக்கு வருடக்கணக்கில் பழக வேண்டியிருந்த கையை, பட்டிக்கு ஒரே வாரத்தில் பழக்கிவிடலாம். நன்றாகத் தட்டிய தகட்டின்மேல் 3 மில்லிமீட்டருக்கு மிகாமல், தேய்த்துச் சுத்தம் செய்த உலோகத்தில் வைத்த பட்டிக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. கெட்ட பெயர் வந்தது அதன் சுலபத்தால்தான். தட்டாமலே பள்ளத்தை நிரப்பினார்கள். துருத் துளையில் செய்தித்தாளையும் கம்பி வலையையும் அடைத்து, மேலே பட்டியால் மெழுகினார்கள். டால்க் ஈரத்தை உறிஞ்சும். பின்புறம் திறந்த துளைவழியே வந்த ஈரம் பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கி, முன்னைவிட வேகமாக அரித்தது. ஓராண்டு, இரண்டாண்டு கழித்துப் பெயின்ட் கொப்புளித்து, பட்டி ஓடாகப் பெயர்ந்து விழும். பழைய கார் வாங்கப் போகிறவர் துணியில் சுற்றிய காந்தத்தைக் கொண்டுபோய்க் கதவின் அடிப்பகுதியில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இப்படித்தான் பிறந்தது. காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி.

இந்தியாவில் இந்தத் தொழில் வேறு பாதையில் வளர்ந்தது. நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத வெளிநாட்டு நிறுவனங்களை 1950களின் தொடக்கத்தில் அரசு வெளியேறச் சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டின. அதன்பின் 1983 இறுதியில் மாருதி வரும்வரை பெரும்பாலும் மூன்று கார்களே கிடைத்தன: உத்தரபாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட், சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு. பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய காரை யாரும் எளிதில் கழித்துக்கட்டுவதில்லை. வேறு நாடுகளில் உடைத்து இரும்புக்குப் போட்டிருக்கக்கூடிய கார்கள் இங்கே மூன்றாம் முறை, நான்காம் முறை டிங்கரிங் செய்து ஓடின. சென்னைப் புதுப்பேட்டையில் கழித்த கார்களிலிருந்து அறுத்தெடுத்த கதவும் டிக்கியும் மட்கார்டும் கிடைத்தன. ஒரு காரின் முன்பாதியும் இன்னொன்றின் பின்பாதியுமாகச் சேர்ந்து ஓடிய வண்டிகளும் உண்டு; பாதுகாப்பைப் பொறுத்தவரை பெருமைப்பட எதுவுமில்லை.

மூன்று கார்களும் டிங்கருக்கு மூன்று விதமான பாடம் தந்தன. அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் மறுபிறவி. தனிச் சேசிஸ் இல்லாத உடற்கூடு, உருண்டையான வளைவுகள். ஒடுக்கு விழுந்தாலும் தட்டி எடுக்க இடம் கொடுக்கும். துரு, கதவடிப் பெட்டியிலும் கால் வைக்கும் தரையிலும் மட்கார்டின் கீழ்முனையிலும் தொடங்கும். ரப்பர் மிதியடியை எடுத்துப் பார்த்தால் சாலை தெரியும் கார்கள் பல இருந்தன. ஃபியட்டில் தட்டையான பரப்பும் கூரிய விளிம்பும் அதிகம்; விளிம்பை நேராக மீட்பது வளைவைத் தட்டுவதைவிடக் கடினம்.

1961இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை விநோதமானது. அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்தபோது, மற்றவர்கள் கைவிட்ட தனிச் சேசிஸைத் திரும்பக் கொண்டுவந்தது. முழு உடற்கூடு அடித்துத் தந்துகொண்டிருந்த ஆலையை 1953இல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டதால், டிரையம்ப் தன் காரைத் துண்டு துண்டாகச் சிறு ஆலைகளில் அடித்து, போல்ட் போட்டு இணைக்க வேண்டியதாயிற்று. நெருக்கடியில் எடுத்த அந்த முடிவு பழுதுபார்ப்பவர்களுக்கு வரமானது. மட்கார்டோடு சேர்ந்த முன்மூடி முழுதாகக் கவிழ்ந்து திறக்கும். கூரையையே போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். கதவடித் தகடும் பாரம் தாங்காத வெறும் மூடிதான். ஆனால் மூட்டுகள் எத்தனையோ அத்தனை வழிகளில் நீரும் புகுந்தது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்துப்போவது ஹெரால்டின் நிரந்தர வியாதி.

துரு பற்றிய அறிவியல் பட்டறைக்கு வந்துசேரத் தாமதமானது. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டியதும் வேகம் கூடும், உப்பு இருந்தால் அதற்கும் கீழேயே தொடங்கிவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி இந்த இரண்டும் இருக்கின்றன. பனி உருக்கச் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் குளிர்காலம் அதே வேலையைச் செய்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் இரண்டு தகடு ஒட்டிய மூட்டுக்குள் துரு வளர்ந்தால் ஸ்பாட் வெல்டிங்கையே பிளந்துவிடும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் அமைந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்பதை மண்டபத்தில் தகடுகளை வெட்டவெளியில் வைத்தே ஆராய்ந்தது.

துருவைத் தடுக்கும் வழிகளில் பழையது பாஸ்பேட். பர்மிங்ஹாமில் தாமஸ் காஸ்லெட் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாஸ்பாரிக் அமிலம் இரும்பின்மேல் கரையாத பாஸ்பேட் படலத்தை உண்டாக்கும். பெயின்ட் அதைக் கெட்டியாகப் பற்றும். கடைகளில் கிடைக்கும் துரு மாற்றிகள் பலவற்றில் இந்த அமிலமோ டானிக் அமிலமோதான் இருக்கிறது. மேலோட்டமான துருவுக்கு இவை போதும். செதில் செதிலாகக் கிளம்பும் துருவுக்கு வெட்டுவது ஒன்றே வழி. கரும்பாலைக் கழிவுப்பாகைத் தண்ணீரில் கலந்து, உதிரிபாகங்களை வாரக்கணக்கில் ஊறவைத்துத் துருவைக் கரைப்பவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். நாற்றம் தாங்காது, ஆனால் நல்ல இரும்பை அது தொடுவதில்லை.

தொழிற்சாலைகள் 1960களில் உடற்கூடு முழுவதையும் பெயின்ட் தொட்டியில் மூழ்கடித்து மின்சாரம் செலுத்திப் பூசத் தொடங்கின; பெட்டிகளின் உட்புறத்துக்கும் பூச்சு சென்றது. 1970களின் நடுவில் போர்ஷே 911க்குத் துத்தநாகம் பூசிய எஃகு வந்தது, 1980களில் ஆடி 100க்கும் வந்தது. அதற்கு முந்தைய கார்களுக்கு இந்தக் கவசம் எதுவும் இல்லை. 'கிளாசிக்' என்று இன்று போற்றப்படும் கார்களில் பெரும்பாலானவை இந்த முந்தைய கூட்டத்தைச் சேர்ந்தவை.

தகடு வெட்டி ஒட்டும் வேலையில் கேஸ் வெல்டிங் நெடுங்காலம் தனியாட்சி செய்தது. கார்பைடில் நீர் சொட்டவிட்டு எடுத்த அசிட்டிலீனே சிறு பட்டறைகளுக்குக் கைகொடுத்தது. 20 கேஜ் தகட்டில், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில், கேஸ் சுடர் அதிக இடத்தைக் காய்ச்சி நெளியவைக்கும். சாதாரண மின்வெல்டிங் ராடோ தகட்டை ஓட்டை போட்டுவிடும். 1948இல் அமெரிக்காவின் பட்டெல் ஆய்வகத்தில் உருவான மிக் வெல்டிங், மெல்லிய கம்பியை வாயுப் போர்வைக்குள் உருக்கி, சூட்டைச் சிறு இடத்தில் அடக்கியது. 1970களிலும் 80களிலும் மேலைநாட்டுப் பட்டறைகளில் பரவியது. ஆனாலும் மிக் போட்ட இணைப்பு கடினமானது, சுத்தியலுக்கு மசியாது. கிரைண்டரால் தேய்க்க வேண்டும், தேய்த்தால் பக்கத்துத் தகடும் மெலியும். கேஸ் இணைப்பு மிருதுவானது. நெளிந்தாலும் டாலி வைத்துத் தட்டி மீட்கலாம். பின்புறம் கை எட்டும் இடமெல்லாம் கேஸையோ டிக் வெல்டிங்கையோ தேர்ந்தெடுக்கும் கைவினைஞர்கள் இன்றும் இருப்பதற்கு இதுவே காரணம். பழமைப் பற்று என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

மேலே ஒட்டுப்போடுவதா, விளிம்போடு விளிம்பு சேர்ப்பதா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. துருத் துளையின்மேல் பெரிய துண்டை வைத்து ஓரத்தில் வெல்டிங் செய்வது எளிது. ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் தங்கி, அடுத்த துரு அங்கேயே முளைக்கும். அரித்ததை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி, அதே அளவில் துண்டு அடித்து விளிம்போடு விளிம்பு சேர்ப்பதற்கு நேரமும் கைத்திறமும் அதிகம் வேண்டும். ஓரிடத்தில் தொடர்ந்து ஓட்டாமல், சிறு புள்ளிகளாகத் தள்ளித் தள்ளிப் பற்றவைத்துக்கொண்டே போனால்தான் சூட்டில் தகடு அலையாது.

இவ்வளவும் செய்து கார் புதிதுபோல் ஆனபின் ஒரு புதுக்கேள்வி எழுந்தது: எவ்வளவு மாற்றினால் அது பழைய காராகவே இருக்கும்? 1966இல் தொடங்கிய பழங்கார்ச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, 2013இல் தூரின் சாசனத்தின் வழியே ஒரு நிலை எடுத்தது. காலத்தின் தடங்களோடு காரைக் காப்பது முதல் விருப்பம். புதுப்பிப்பது அதற்குப் பின்னர்தான். தேய்ந்த பெயின்டையும் பழைய ஈயப் பூச்சையும் சுரண்டி எறிந்தால், காரின் வரலாற்று ஆவணமும் அதோடு போய்விடும் என்பது அதன் வாதம். நியாயமான வாதம்தான், ஆனால் கதவடிப் பெட்டி உதிர்ந்த அம்பாசடரின் உரிமையாளருக்கு அது அவ்வளவாக உதவாது. பாரம் தாங்கும் இடத்தில் புதுத் தகடு, மற்ற இடத்தில் பழையதைத் தக்கவைப்பது என்ற நடுவழியில்தான் கவனமுள்ள பட்டறைகள் பல செல்கின்றன.

இந்தியச் சட்டமும் 2021 ஜூலையில் இந்தக் கேள்விக்குள் நுழைந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' எனப் பதிவாகி, மாநில எழுத்துகளை அடுத்து 'விஏ' என்ற குறியோடு எண் பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வாகனம் மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அரித்த தரையை அதே வடிவில் அடித்து மாற்றுவது இந்த நிபந்தனைக்குள் அடங்கும். கூரையை அறுத்துத் திறந்த காராக்குவது அடங்காது.